சாக்பீஸ் அழிந்த கூண்டு

என் வேலையின் பெயர் கால்நடை டெக்னீஷியன். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. போலீசில் இருக்கும் என் அண்ணன் நாய்க் கம்பவுண்டர் என்பான். வடகரையில், நான் வாழ்க்கைப்பட்ட தெருவில், நாய் டாக்டரம்மா. ஊசி போடுவது, மயக்கம் கொடுத்த நாயின் வயிற்றை மழித்துக் கழுவி ஆபரேஷனுக்குத் தயார் செய்வது, அது கண் விழிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது, கூண்டு கழுவுவது, அவ்வப்போது கடி வாங்குவது, இவ்வளவும் என் சோலி. வெட்டித் தைப்பது மட்டும்தான் டாக்டர், மிச்சமெல்லாம் நான் என்று டாக்டரை வைத்துக்கொண்டே சொல்வேன். அவரும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்பார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். நாய்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எங்கள் காப்பகம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், இலஞ்சிக்குப் பக்கத்தில் வயலுக்கு நடுவே இருக்கிறது. அடிபட்ட மாடு, கழுத்தில் பிளாஸ்டிக் டப்பா மாட்டிக்கொண்ட பூனை, கரண்ட் கம்பியில் கை வைத்த குரங்கு என்று எது வந்தாலும் பார்ப்போம். ஆனால் அன்றாடப் பிழைப்பு தெருநாய்கள்தான். பிடித்து வருவோம், கருத்தடை ஆபரேஷன் செய்வோம், வெறிநோய்த் தடுப்பூசி போடுவோம், ஆபரேஷன் ஆன நாய் என்று தெரிய இடது காதில் சின்னதாக ஒரு வெட்டு வைப்போம், புண் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவோம். இதில் கடைசியில் சொன்னதுதான் முக்கியம். நாய்க்குத் தன் தெருதான் வீடு. அடுத்த தெருவில் இறக்கிவிட்டால் அங்கே இருக்கிற நாய்கள் அதைக் குதறிப் போட்டுவிடும்.

பிள்ளை பிறந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் நடந்தது இது. பையனுக்கு அப்போதுதான் குப்புற விழ வந்திருந்தது. என் கணவர் ராணுவத்தில் வடக்கே இருக்கிறார். வீட்டில் அத்தையும் நானும் பிள்ளையும்தான். பிள்ளைக்கு ஒரு வயசாவது ஆகட்டும், அப்புறம் போகலாம் என்று அத்தை சொல்லிப் பார்த்தார். கோபப்பட்டுச் சொல்லவில்லை. காய் நறுக்கும்போது, துணி மடிக்கும்போது, வேறு ஏதோ பேசுகிற மாதிரி இதையும் சொல்வார். எனக்கோ வீட்டுக்குள் அடைந்து கிடந்து கோட்டி பிடித்துவிடும் போலிருந்தது. தெருவில் எந்த நாயாவது நொண்டினால் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நான் ஜெயித்தேன். காலையில் பாலைப் பீய்ச்சி மூடி வைத்துவிட்டுக் கிளம்புவேன், அத்தை அதைச் சங்கில் புகட்டுவார். சாயங்காலம் வந்ததும் கொல்லைப்பக்கக் குழாயில் தலையோடு குளித்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொடுவேன். அந்தச் சட்டம் நான் போட்டது. நாளெல்லாம் நாய் எச்சிலிலும் புண்ணிலும் கையை வைத்துவிட்டு வருகிறவள் பச்சைப் பிள்ளையை அப்படியே தூக்கக் கூடாது. அது எனக்குத் தெரியும்.

அன்றைக்குச் சீசனின் முதல் சாரல். குற்றாலத்துச் சாரலைப் பற்றி வெளியூர்க்காரர்கள் உருகுவார்கள். எங்களுக்குச் சாரல் என்றால் காயாத துணி, ஆறாத தையல், ஈரக் கூண்டு. சீசன் தொடங்கினால் கூட்டம் வரும், கூட்டம் வந்தால் எச்சில் இலை வரும், இலைக்குப் பின்னால் நாய்களும் வரும். அதனால் விடிந்ததும் வண்டி அருவிப் பக்கம் போயிருந்தது. மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று மூன்று இடத்தில் நாய் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது.

நாய் பிடிக்கிறவரும் வண்டி ஓட்டுகிறவரும் ஒரே ஆள்தான். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், என்னைவிட மூத்தவர், எனக்கு அண்ணாச்சி. வலையை வீசினால் நாய்க்கு வலிக்காது, அப்படி ஒரு கை. நான் பிரசவத்துக்குப் போயிருந்தபோது வேலைக்கு வந்தவர். பிடித்த இடத்தைக் கூண்டின் மேல் தகரத்தில் சாக்பீஸால் எழுதுவது அவர் பழக்கம். கழுத்தில் அட்டை கட்டினால் நாய் கடித்துத் தின்றுவிடுகிறது, சாக்பீஸை எந்த நாய் தின்னும் என்பார். வெயில் காலம் முழுக்க அது சரியாகத்தான் நடந்திருக்கிறது. கரிசல் காட்டில் வளர்ந்தவருக்குச் சாரல் என்பது என்னவென்று தெரியாது. அது மழை மாதிரிக் கொட்டாது. பொழிகிறதா இல்லையா என்றே தெரியாமல் எல்லாவற்றையும் நனைத்துவிடும். தார்ப்பாய் போடுகிற அளவுக்கு இது மழையா என்று விட்டுவிட்டார். வண்டி வந்து நின்றபோது எல்லாக் கூண்டின் தகரமும் கழுவித் துடைத்த மாதிரி பளபளவென்று இருந்தது.

நான் ஒவ்வொன்றாக இறக்கி வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தேன். கடைசிக் கூண்டில் ஒரு செவலை நாய். மற்றவையெல்லாம் ஊரைக் கூட்டிக்கொண்டிருக்க, அது மட்டும் மூலையில் நின்று கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தது. அடிவயிற்றில் கை வைத்தேன். காம்புகள் கனத்துத் தொங்கின. சுற்றி மயிர் இல்லை, குட்டிகள் முட்டி முட்டித் தேய்ந்திருந்தது. லேசாக அமுக்கினேன், விரலில் பால் வந்தது. அதே நொடியில் எனக்கும் மார்பு கனத்து, உடுப்பு நனைந்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு இது தெரியும். யார் பிள்ளைக்கு என்று உடம்பு கேட்காது.

பால் கொடுக்கும் நாயைப் பிடிக்கவே கூடாது. தெரியாமல் பிடித்தால் உடனே கொண்டுபோய் விட வேண்டும். வழக்கமாக அண்ணாச்சி குனிந்து பார்த்துவிட்டுத்தான் வலையை எடுப்பார். அன்றைக்குக் கூட்டம் செல்போனை நீட்டிக்கொண்டு சுற்றி நின்றிருக்கிறது, ஒரு கூட்டம் பிடி என்றும் இன்னொரு கூட்டம் விடு என்றும் கத்தியிருக்கிறது. அவசரத்தில் பார்க்காமல் விட்டுவிட்டார். எங்கே பிடித்தது என்று கேட்டேன். அவர் தகரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு நினைவில்லை. செவலை நாய் மூன்று இடத்திலும் இருந்தது என்றார்.

நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. சாக்பீஸில் தொடங்கி அவர் ஊர் மழை வரைக்கும் போனேன். அருவிப் பக்கம் எங்கேயோ கண் திறக்காத குட்டிகள் இந்தக் குளிரில் தாயின் சூடு இல்லாமல் கிடக்கின்றன. பசிகூட அப்புறம்தான். அந்த வயசில் குளிர்தான் முதலில் கொல்லும். டாக்டர் ஆபரேஷன் கத்தியைக் கழுவிக்கொண்டே, இங்கே நின்று கத்தாமல் நாயை ஏற்றிக்கொண்டு மூன்று இடத்துக்கும் போங்கள், அது காட்டும் என்றார். அது சரியென்று பட்டது. வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறினேன்.

முதலில் மெயின் அருவி. கயிற்றைக் கட்டி இறக்கினேன். ஈரத்துண்டோடு ஆட்கள் குறுக்கும் நெடுக்கும் போக, நாய் வாலை ஒடுக்கிக்கொண்டு என் காலுக்குள் வந்து நின்றது. கடைவீதி முழுக்க நடத்திப் பார்த்தோம். பஜ்ஜிக் கடை வாசலில்கூட மூக்கைத் தூக்கவில்லை. பட்டினி நாய் பஜ்ஜியைப் பார்க்கவில்லை என்றால் அதன் மனசில் வேறு எதுவோ இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஐந்தருவியில்தான் ஏமாந்தோம். பழக்கடை வைத்திருந்த ஒரு அக்கா நாயைக் கண்டதும் இது எங்கள் நாய்தான், பாலத்துக்கு அடியில் குட்டி போட்டிருக்கிறது என்று அடித்துச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுப் பாலத்துக்கு அடியில் ஊர்ந்து போனார். குட்டிகள் இருந்தன. எல்லாம் கொழுகொழுவென்று, பல் முளைத்து, அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து விளையாடின. அவற்றின் தாய் வேறொரு செவலை. அது வந்து எங்கள் நாயைப் பார்த்து உறுமியது. பழக்கடை அக்கா, செவலையில் எது எந்தச் செவலை என்று யார் கண்டது என்று சொல்லிவிட்டு மங்குஸ்தான் வியாபாரத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குள் சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. நான் வீட்டுக்குக் கிளம்புகிற நேரம். வண்டிக்குள் இருந்தே அத்தைக்குப் போன் போட்டேன். வரப் பிந்தும் என்றேன். வைத்த பால் தீர்ந்துவிட்டது, பிள்ளை சிணுங்க ஆரம்பித்துவிட்டான் என்றார் அத்தை. பின்னால் அவன் குரல் கேட்டது. நான் எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"அத்தை, குட்டி போட்ட நாயைத் தெரியாமப் புடிச்சிட்டு வந்துட்டோம். குட்டி எங்கன கெடக்குன்னு தெரியல. தேடிட்டு வந்துருதேன்."

சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் போன் கட்டாகிவிட்டது. கோபம்தான் என்று நினைத்தேன். நியாயம்தானே, சொந்தப் பிள்ளை பசியில் அழ, நாய்க்குட்டியைத் தேடிப் போகிற மருமகளை யார் மெச்சுவார்கள்? அழுகை வந்தது. அண்ணாச்சி கேட்டிருப்பார் போல. ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ எறங்கி வீட்டுக்குப் போ தாயி, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஓட்டுகிற சோலியைப் பாருங்கள் என்று எரிந்து விழுந்தேன். கூண்டுக்குள் அந்த நாயைத் தனியாக விட்டுவிட்டு இறங்க எனக்குக் கால் வராது என்பதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

பழைய குற்றாலம் போகிற ரோட்டில் வண்டி திரும்பியதுமே நாய் எழுந்து நின்றது. முனக ஆரம்பித்தது. அருவி நெருங்க நெருங்க முனகல் ஊளையாகி, கூண்டுக் கம்பியைக் காலால் பிறாண்டியது. அண்ணாச்சியும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கதவைத் திறந்ததுதான் தாமதம், கயிறு என் கையை அறுத்துக்கொண்டு ஓடியது. நான் பின்னால் ஓடினேன்.

அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். முதல் சாரலுக்கு ஆள் அலைமோதும், அவர்களுக்கு வருஷத்திலேயே நல்ல நாள் அது. அன்று ஒரே ஒருவர் மட்டும் தேய்க்காமல் சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டிய ஆள், கரும்பாறை மாதிரி உடம்பு. மடியில் எண்ணெய்த் துண்டைச் சுருட்டி வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தார். துண்டுக்குள் நான்கு குட்டிகள். காலையில் அழுகைச் சத்தம் கேட்டிருக்கிறது. பெண்கள் உடை மாற்றும் அறைக்குள்ளிருந்து வந்ததால் அவர் உள்ளே போக முடியாது. குளிக்க வந்த பெண்களிடம் கெஞ்சி எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். வந்ததிலிருந்து மடியை விட்டு இறக்கவில்லை. எண்ணெய் தேய்க்கக் கேட்டு வந்தவர்களையெல்லாம் பக்கத்து ஆளிடம் அனுப்பிவிட்டார்.

நாய் அவர் மடியில் மூக்கை நுழைத்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. அதனிடம்தான் பேசினார்.

"ஏட்டி, எங்கன போய்த் தொலைஞ்ச? ஒம் புள்ளைகளுக்குப் பதில் சொல்லி மாளல எனக்கு."

பிறகுதான் நிமிர்ந்து, பிடித்துக்கொண்டு போனது யார் என்று கேட்டார். அண்ணாச்சி முன்னால் வந்து நான்தான் என்றார். கண் பிடதியிலா இருந்தது என்று அவர் கேட்க, ஆமாம் என்று அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு மேல் திட்ட அந்த மனுஷருக்கும் மனசு வரவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். முடியவில்லை. நாய் குட்டிகளை ஒவ்வொன்றாக நக்கியது, ஆனால் படுக்கவில்லை. திரும்பி உடை மாற்றும் அறையைப் பார்த்தது, குட்டிகளைப் பார்த்தது, மறுபடி அறையைப் பார்த்தது. பிறகு அவற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடியது. இன்னும் ஒன்று இருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே ஈரச் சேலையை மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் வீல் என்று கத்தினார்கள். யார் அது, ஆம்பளையா என்று ஒரு குரல். நாய்தான் அக்கா, அதுவும் பொம்பளை நாய் என்று நான் சொல்ல, கத்தியவர்களே சிரித்துவிட்டார்கள். நாய் மூலையில் இருந்த சிமெண்டுப் பெஞ்சுக்கு அடியில் தலையை விட்டுப் பிறாண்டியது. படுத்துக்கொண்டு கையை நுழைத்தேன். சுவருக்கும் பெஞ்சுக்கும் நடுவே ஒரு இடுக்கு. விரலில் குட்டி பட்டது. ஈரமாக, கல் மாதிரிச் சில்லென்று இருந்தது.

வெளியே எடுத்தபோது அது அசையவில்லை. செத்துப்போய்விட்டது என்றார் ஒரு பெண். இப்படிக் குளிர்ந்த குட்டிக்கு உடனே பால் கொடுக்கக் கூடாது, முதலில் சூடு. யாராவது காய்ந்த துணி கொடுங்கள் என்றேன். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம், கேரளத்திலிருந்து வந்த ஒரு சேச்சி தன் பையிலிருந்து மடிப்புக் கலையாத தோர்த்துத் துண்டை எடுத்துக் கொடுத்தார். வாயைத் துடைத்தேன், முதுகையும் நெஞ்சையும் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு சுற்றி இருந்தது முழுக்கப் பெண்கள் என்பதால் ஒன்றும் யோசிக்காமல் அதை என் உடுப்புக்குள், மார்போடு மார்பாக வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். நாய் என் எதிரில் உட்கார்ந்து என் நெஞ்சையே பார்த்தது. அந்தப் பெண்களும் பார்த்தார்கள். மாற்றி முடித்தவர்கள்கூட வெளியே போகவில்லை.

அது குளிர்ந்தே கிடந்தது. என் பிள்ளை இப்போது என்ன செய்கிறானோ என்று நினைத்தேன். இந்தச் சனியனை உயிரோடு எழுப்பிவிடு என்று எந்தச் சாமியிடம் கேட்டேன் என்று நினைவில்லை, எல்லாரிடமும் கேட்டிருப்பேன். கொஞ்ச நேரம் கழித்து, என் தோலில் ஏதோ நெளிந்தது. ஒரு விக்கல் மாதிரி. பிறகு ஒரு சின்ன மூக்கு முட்டியது. இன்னொரு தடவை முட்டியது. கண் தெரியாத அந்தப் பூச்சி என் மார்பில் பால் தேடிக்கொண்டிருந்தது. எனக்குப் பால் சுரந்து வயிறு வரை நனைந்துவிட்டது. அது உனக்கில்லை, உன் அம்மா இங்கே இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வெளியே எடுத்தேன். வாய்விட்டு அழுதேன், வெட்கமாகவே இல்லை. அந்தச் சேச்சி தன் தோர்த்தைத் திரும்பக் கேட்கவில்லை.

எண்ணெய்க்காரர் ஒரு சிப்ஸ் பெட்டியைக் கிழித்துத் தன் இடத்துக்குப் பின்னால், சாரல் அடிக்காத சுவர் மூலையில் விரித்து வைத்திருந்தார். நாய் இப்போதுதான் படுத்தது. ஐந்தையும் அதன் வயிற்றில் வைத்தேன். கடைசிக் குட்டிக்கு மட்டும் காம்பை நானே வாயில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அது இழுத்துக் குடிக்கிறது என்று தெரிந்ததும்தான் கையை எடுத்தேன். அண்ணாச்சி எங்கிருந்தோ பத்து புரோட்டா வாங்கி வந்து, பாதியைப் பிய்த்து நாய்க்குப் போட்டுவிட்டு, மீதியை எண்ணெய்க்காரரோடு உட்கார்ந்து தின்றார். குட்டிகள் பால் மறந்த பிறகு வந்து நாயை ஆபரேஷனுக்குக் கூட்டிப்போகிறோம், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னதற்கு, இதை நீ வேறு சொல்லணுமா என்கிற மாதிரி எண்ணெய்க்காரர் பார்த்தார்.

காப்பகத்துக்கு வந்து ஸ்கூட்டரை எடுத்து, செங்கோட்டை, பண்பொழி தாண்டி வீட்டுக்கு வருவதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள். வழியெல்லாம் அத்தையிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். சத்தம் போட்டால் வாங்கிக்கொள்வது, வேலையை விடு என்றால் மட்டும் வாயைத் திறப்பது என்று முடிவு செய்திருந்தேன். தெருமுனையிலேயே பிள்ளையின் அழுகை கேட்டது. உள்ளே நுழையாமல் நேராகக் கொல்லைக்குப் போனேன். அங்கே எனக்கு முன்பே எல்லாம் தயாராக இருந்தது. குழாயடியில் ஆவி பறக்க ஒரு வாளி வெந்நீர், கொடியில் மாற்று உடுப்பு, சோப்பு. அத்தை வெந்நீர் போட்டு வைப்பது அதுவரை இல்லாத வழக்கம். அள்ளி அள்ளி ஊற்றித் தேய்த்துக் குளித்தேன்.

தலை சொட்டச் சொட்ட உள்ளே வந்து உட்கார்ந்ததும் அத்தை பிள்ளையை என் மடியில் போட்டார். அவன் முட்டி, தேடி, பிடித்துக்கொண்டான். அழுகை அப்படியே நின்றது. அவனும் அதே மாதிரித்தான் முட்டினான். அத்தை எனக்குப் பின்னால் நின்று துண்டால் என் தலையைத் துவட்டினார். இப்போது திட்டு விழும் என்று நான் குனிந்தபடியே இருந்தேன். துவட்டிக்கொண்டே அத்தை கேட்டார்.

"குட்டியெல்லாம் பால் குடிச்சுதாட்டி?"

"குடிச்சுது அத்தை. அஞ்சும்."